ஹெய்ட்டியின் மிஷன் பாடசாலைகள்: நம் உதவி ஆசிரியரின் சம்பளத்துக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கரிபியன் கடலிலுள்ள ஹெய்ட்டி நாட்டின் ஆயுதக் குழுக்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். அதில் இடம்பெறாத ஒரு விடயத்தைத் தமிழ் வாசகர்களின், சிறப்பாகக் கனடாவில் வாழும் நம்மவர்களின், கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்நாட்டுப் பாடசாலைகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை அரசினுடையவை அல்ல. தேவாலயங்களோடு ஒட்டி நிற்கும் மிஷன் பாடசாலைகளும் பிற தனியார் பாடசாலைகளுமே அங்குள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கின்றன. துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பி நிற்கும் பாடசாலைகள்கூட இன்று ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றி மூடப்படும் நிலையில் இருக்கின்றன. நம் சமூகம் செய்யக்கூடிய, செய்யவேண்டிய உதவி அந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கல்வி ஏன் அங்கே திருச்சபைகளின் தோளில் விழுந்தது என்பதைச் சற்று விளக்கவேண்டும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்கள் பிரெஞ்சுப் படைகளை வென்று 1804 இல் நிறுவிய நாடு அது. அந்த விடுதலையை ஏற்றுக்கொள்வதற்கு விலையாக, முன்னாள் அடிமை முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்கு நட்டஈடு தரவேண்டுமெனப் பிரான்ஸ் 1825 இல் போர்க்கப்பல்களை அனுப்பிக் கட்டாயப்படுத்தியது. அத்தொகை பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டபோதிலும், அதற்காகப் பெறப்பட்ட கடன்களையும் வட்டியையும் கட்டி முடிக்க 1947 வரை சென்றது. பாடசாலைகளுக்கும் பாதைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் செலவாகியிருக்கவேண்டிய வருமானம் நூறாண்டுகளுக்கு மேலாக வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு நாட்டில், அரசாங்கம் கல்வியைப் பிறர் கையில் விட்டது வியப்பன்று. 1860 இல் வத்திக்கானோடு செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைக்குப் பின் கத்தோலிக்கத் துறவற சபைகள் வந்து பாடசாலைகளைத் தொடங்கின. 1861 இல் ஜேம்ஸ் தியோடர் ஹொலி என்ற கறுப்பின அமெரிக்க மதகுரு, ஏறத்தாழ நூற்றுப் பத்துப் பேருடன் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து அங்கே குடியேறினார். முதல் ஆண்டிலேயே தாயையும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் நோய்க்குப் பலிகொடுத்த அவர், அதன் பின்னும் திரும்பிப் போகவில்லை. 1874 இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, 1911 இல் இறக்கும்வரை அந்த மண்ணிலேயே பணி செய்தார். அவர் தொடங்கிய எப்பிஸ்கோப்பல் திருச்சபை, நம் ஊர் வழக்கில் சொன்னால் அங்கிலிக்கன் திருச்சபை, இன்று அந்நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட பாடசாலைகளைக் கொண்டிருக்கிறது. அவற்றுட் பெரும்பாலானவை மலைக் கிராமங்களில் ஒரு சிறு கோயிலும் அதன் பக்கத்தில் சில வகுப்பறைகளுமாக நிற்பவை. ஒரே மதகுரு பல கோயில்களுக்கும் அவற்றோடு இணைந்த பாடசாலைகளுக்கும் பொறுப்பாக இருப்பார்.

தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் உள்ள பரிசுத்த திரித்துவப் பேராலயமும் அதைச் சார்ந்த நிறுவனங்களும் இந்தப் பணியின் சிறப்பையும் துயரத்தையும் ஒருங்கே காட்டுபவை. அப்பேராலயத்தின் உட்சுவர்களில் ஹெய்ட்டிய ஓவியர்கள் 1950, 51 ஆம் ஆண்டுகளில் வரைந்த பதினான்கு சுவரோவியங்களில் இயேசுவும் சீடர்களும் ஹெய்ட்டிய மக்களின் நிறத்திலும் சாயலிலும் இருந்தார்கள். அவற்றை வரையச் செய்த ஆயர் அல்பிரட் வொஜெலியை, சர்வாதிகாரி பிரான்சுவா டுவாலியே 1964 இல் நாட்டைவிட்டு வெளியேற்றினார். பேராலயத்தோடு பாடசாலையும், நாட்டின் மிகச் சிறந்த இசைக்குழுக்களில் ஒன்றை உருவாக்கிய இசைப்பள்ளியும் இருந்தன. 1945 இல் அருட்சகோதரி ஜோன் மார்கரெட் தொடங்கிய புனித வின்சென்ட் பாடசாலையும் இதே திருச்சபையினுடையது. கண்பார்வையற்ற, காதுகேளாத, நடக்கமுடியாத பிள்ளைகளைக் குடும்பங்கள் வீட்டுக்குள் மறைத்துவைத்த காலத்தில், அவர்களுக்கென்று அந்நாட்டில் திறக்கப்பட்ட முன்னோடிப் பாடசாலை அது. 2010 ஜனவரி 12 ஆம் திகதி பிற்பகல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பேராலயமும் பாடசாலைக் கட்டடங்களும் இசைப்பள்ளியின் அரங்கும் இடிந்து விழுந்தன. புனித வின்சென்ட் பாடசாலையில் பிள்ளைகளும் பணியாளர்களும் உயிரிழந்தனர். பதினான்கு ஓவியங்களில் மூன்று மட்டுமே மிஞ்சின. ஆனால் இசைப்பள்ளி மாணவர்கள் மீண்டும் இசைக்கருவிகளை எடுத்துக் கூடாரங்களுக்கு நடுவே வாசித்தார்கள்.

நிலநடுக்கம் விட்டுவைத்ததை இப்போது ஆயுதக் குழுக்கள் அழிக்கின்றன. 2021 ஜூலை 7 ஆம் திகதி சனாதிபதி ஜொவெனெல் மொயிஸ் தம் இல்லத்தில் கொல்லப்பட்ட பின், தலைநகரின் பெரும்பகுதி அக்குழுக்களின் பிடிக்குள் சென்றுவிட்டது. 2024 இல் மட்டும் 5,600 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூறியது. 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 13 இலட்சம் பேர் வீடிழந்து இடம்பெயர்ந்திருந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைகள். 2024 இல் 284 பாடசாலைகள் அழிக்கப்பட்டன என்றும், 2025 ஜனவரியில் தலைநகரில் மேலும் 47 பாடசாலைகள் அழிக்கப்பட்டன என்றும் யுனிசெப் அறிவித்தது. பாடசாலை இழந்த பிள்ளைகளைக் கூட்டிச்சேர்க்க ஆயுதக் குழுக்கள் காத்திருக்கின்றன. அக்குழுக்களின் உறுப்பினரில் பாதிவரை பதினெட்டு வயதுக்கு உட்பட்டோராக இருக்கலாம் என்பதும் யுனிசெப்பின் மதிப்பீடே. ஒரு வேளைச் சாப்பாடும் கையிற் கொஞ்சம் காசும் தருகிறோம் என்று ஆயுதம் தாங்கியவன் அழைக்கும்போது, காலையில் போய் உட்கார ஒரு வாங்கும், பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆசிரியரும் இருக்கும் பிள்ளைக்கு மறுத்துப் போவதற்கு ஓர் இடமாவது இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்காக அங்கேயே தங்கிவிட்டவர்கள் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். இருபது ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்து, பிறர் வீடுகளில் வேலைக்கு விடப்பட்ட ஏழைச் சிறுவர்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த இத்தாலிய அருட்சகோதரி லூயிசா டெல்லோர்ட்டோ, 2022 ஜூன் 25 ஆம் திகதி தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2025 மார்ச் இறுதியில் மிர்பலே நகரம் தாக்கப்பட்டபோது ஹெய்ட்டியரான இரண்டு அருட்சகோதரிகள் கொல்லப்பட்டனர். பெயர் வெளியே தெரியாத ஆசிரியர்களும் உபதேசியார்களும் இன்னும் எத்தனையோ பேர்.

இனிச் சம்பளத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் வாசகர்களுக்கு உடனே விளங்காத பகுதி இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நாம் வந்த நாட்டின் ஒழுங்கு வேறு. இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த பிறகு, ஒரு பாடசாலைக் கட்டடத்தில் காலையில் ஊர்ப் பிள்ளைகளும் பிற்பகலில் இடம்பெயர்ந்த பாடசாலையின் பிள்ளைகளுமாக நாங்கள் படிப்பித்தோம். மரநிழலிலும் வகுப்பு நடந்தது. அந்த நாட்களில் சொல்லொணாத துன்பங்கள் இருந்தன. ஆயினும் ஆசிரியருக்குரிய சம்பளம், பிந்தியேனும், கொழும்பிலிருந்து வந்தது. வன்னியிலும் அப்படித்தான். அதனாலேயே அந்தப் பாடசாலைகள் மூச்சுவிட்டன. ஹெய்ட்டியின் மிஷன் பாடசாலைக்கு அப்படி ஒரு கொழும்பு இல்லை. பெற்றோர் கட்டும் கட்டணமே ஆசிரியரின் சம்பளம். ஆயுதக் குழு ஒரு குடியிருப்பைக் கொளுத்தினால், சந்தையில் வியாபாரம் செய்த தாய் பொருளையும் இடத்தையும் இழக்கிறாள், கட்டணம் நிற்கிறது, இரண்டு மூன்று மாதம் பொறுத்துப்பார்த்த ஆசிரியர் வேறு வேலை தேடியோ கடல் கடந்தோ போகிறார், கட்டடத்தில் ஒரு கீறலும் விழாமலே பாடசாலை மூடப்படுகிறது. இடம்பெயர்ந்தோரை ஏற்றுக்கொண்ட நாட்டுப்புறப் பாடசாலைகளுக்கோ நெருக்கடி இரட்டிப்பு. பிள்ளைகளின் தொகை பெருகுகிறது, கட்டணம் கொடுப்போரின் தொகை குறைகிறது. வெளிநாடுகளில் உழைக்கும் ஹெய்ட்டியர் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். அதில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமே போகிறது. ஆனால் வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பத்துக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே உதவி என்றதும் நம் மனதில் முதலில் எழும் எண்ணங்களை மாற்றிக்கொள்ளும்படி வேண்டுகிறேன். பழைய உடுப்புகளையும் கொப்பிகளையும் பெட்டிகளில் கட்டிக் கப்பலில் அனுப்பும் வழக்கம் நம் தேவாலயங்களில் உண்டு. 2022 ஜூலையில், மேலே குறிப்பிட்ட எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் பெயருக்கு வந்த கொள்கலனில் சுங்க அதிகாரிகள் ஆயுதங்களையும் தோட்டாக்களையும் கண்டெடுத்தனர். தனக்குரிய சுங்க வரிவிலக்கை வேறு எவரோ களவாகப் பயன்படுத்தினர் என்று திருச்சபை கூறியது. உண்மை எதுவாயினும், நாட்டில் மலிந்துபோன ஆயுதங்களுக்குத் துறைமுகமே வாசலாக இருக்கும் நிலையில், ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பொருட்பெட்டி அனுப்புவது நல்ல நோக்கத்தையே ஆபத்தாக்கிவிடக்கூடும். அதேபோல், ஒரு வாரப் பயணமாகப் போய்ச் சுவருக்கு வர்ணம் பூசிவிட்டுத் திரும்பும் குழுக்களின் விமானக் கட்டணத்தில் ஓர் ஆசிரியருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கலாம். அநாதை இல்லங்களுக்குப் பணம் கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். அங்கே அத்தகைய இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்பதற்காகவே ஒப்படைக்கப்பட்டவர்கள் அவர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை ஒழுங்காக நடந்து, மதியம் ஒரு கோப்பைச் சோறும் அவரைக்கறியும் கிடைத்தால், அப்பிள்ளைகள் தாயோடேயே வளரலாம்.

வெளியிலிருந்து உதவிக்குப் போனவர்களால் ஹெய்ட்டி மக்கள் பட்ட துன்பத்தையும் நாம் மறக்கலாகாது. 2010 இல் நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. படையினரின் முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவினால் கொலரா பரவி ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தனர். அதற்கு ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 வரை சென்றது. அதற்கும் முன்பு, இலங்கையிலிருந்து அமைதி காக்கும் பணிக்கென அங்கு சென்ற படையினரில் நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுமியர் உட்பட அந்நாட்டவரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டிய குற்றச்சாட்டில் 2007 இல் திருப்பி அனுப்பப்பட்டனர். ஊர் திரும்பிய அவர்களில் எவரும் அதற்காகச் சிறை சென்றதாகத் தெரியவில்லை. அந்தப் படையின் கையில் நம் மக்கள் பட்டதை அறிந்த தமிழர் எவருக்கும், ஹெய்ட்டியச் சிறுமியரின் துயரம் தூரத்துச் செய்தியாக இருக்கமுடியாது. வந்து போகும் சீருடைகளை நம்பி ஏமாந்த ஊர்களில், பரம்பரையாக அங்கேயே வாழும் ஆசிரியரையும் மதகுருவையும் தாங்கிப் பிடிப்பதே பொருத்தமான உதவி.

திருச்சபைகள் அங்கே குற்றமற்றவை என்று நான் வாதிட வரவில்லை. 1941, 42 ஆம் ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையோடு, ஆபிரிக்காவில் வேர்கொண்ட வூடூ வழிபாட்டுக்கு எதிராக இயக்கம் நடத்தி, அம்மக்களின் வழிபாட்டு இடங்களையும் புனிதப் பொருட்களையும் அழித்தது. மிஷன் பாடசாலைகள் பல, எல்லாரும் பேசும் கிரெயோல் மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்குப் புரியாத பிரெஞ்சிலேயே நெடுங்காலம் படிப்பித்தன. 1980 ஐ ஒட்டிய கல்விச் சீர்திருத்தமும் 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் கிரெயோலுக்கு இடமளித்த பின்னரும் அந்த வழக்கம் முற்றாக மாறவில்லை. தாய்மொழியில் படித்து முன்னேறிய நாம், உதவி செய்யும்போது இதைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை, கேட்கவும் வேண்டும். ஆயினும் குறைகளை முன்னிட்டு அப்பாடசாலைகளைக் கைவிட்டால் அவற்றின் இடத்தில் வேறொரு நல்ல பாடசாலை எழப்போவதில்லை. அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும்.

சைவ வாசகர்கள், கிறிஸ்தவப் பாடசாலைக்கு நாம் ஏன் கொடுக்கவேண்டும் என்று கேட்கலாம். ஹெய்ட்டி மக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் ஆதலால், இது மதமாற்றத்துக்குப் போகும் பணம் என்ற அச்சத்துக்கு இடம் குறைவு. யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் பாடசாலை 1824 இல் தொடங்கிய நாள் முதல் மிஷன் பாடசாலைகளில் படித்துச் சைவராகவே வாழ்ந்த குடும்பங்கள் எண்ணற்றவை. ஆறுமுக நாவலரே அத்தகைய பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பின்பு சைவப் பாடசாலைகளை நிறுவியவர். 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தில் குண்டு விழுந்தபோது, அங்கே தஞ்சம் புகுந்து மாண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரில் சைவரும் கிறிஸ்தவரும் இருந்தனர். கதவு திறந்திருந்த இடத்துக்குள் மக்கள் போனார்கள். இன்று போர்ட்-ஓ-பிரின்ஸில் பாடசாலைக் கட்டடங்களிலும் கோயில் வளவுகளிலும் பாய் விரித்துக் கிடக்கும் குடும்பங்களும் அப்படியே.

நாம் வாழும் மொன்றியல் நகரத்துக்கும் இதில் கடமை உண்டு. டுவாலியே ஆட்சிக்குத் தப்பி 1960களில் இங்கு வந்த ஹெய்ட்டிய ஆசிரியர்களும் தாதியரும் மருத்துவர்களும், கியூபெக் மாகாணம் தன் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் விரிவாக்கிய காலத்தில் அவற்றை நடத்த உதவியவர்கள். அவர்களுட் பலர் ஹெய்ட்டியின் மிஷன் பாடசாலைகளில் படித்துத் தேறியவர்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்திறங்கிய நம்மவர், அவர்கள் ஏற்கெனவே ஓரளவு திறந்துவைத்திருந்த கதவுகளின் வழியாகத்தான் இந்த நகரத்துக்குள் நுழைந்தோம். என் முதிய அயலவர் ஒருவர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். தாம் படித்த பாடசாலையின் அதிபருக்கு இன்றும் மாதந்தோறும் தம் ஓய்வூதியத்திலிருந்து அனுப்புகிறார்.

நம்மிடம் அதற்கான அமைப்பு இருக்கிறது. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடலும் இராப்போசனமும் நடத்தி, ஊர்ப் பாடசாலைகளுக்குப் பெருந்தொகை சேர்த்து அனுப்புகின்றன. ஊருக்குக் கொடுப்பதைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. பெரிய சங்கங்கள் சில சேர்ந்தோ, தமிழ்த் தேவாலயப் பங்குகளும் கோயில்களும் கூடியோ, ஹெய்ட்டியில் ஒரே ஒரு மிஷன் பாடசாலையின் ஆசிரியர் சம்பளத்தைப் பொறுப்பேற்கலாம். தலைநகரைவிட, இடம்பெயர்ந்தோர் வந்து நிறைந்துள்ள தெற்கு, வடக்குப் பகுதிகளின் நாட்டுப்புறப் பாடசாலை ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே பணம் உடனே வேலை செய்யும். உரியவரிடம் சேர்ந்ததா என்று பார்ப்பதும் எளிது. ஓராண்டு கொடுத்துவிட்டு நிறுத்துவதானால் தொடங்காமலே விடலாம். குறைந்தது ஐந்தாண்டுக்காவது வாக்குக் கொடுத்தால்தான் ஓர் ஆசிரியர் அந்த ஊரில் குடியிருக்கத் துணிவார். கனடாவில் பதிவுபெற்றதும் ஹெய்ட்டியத் திருச்சபையோடு நேரடித் தொடர்புடையதுமான அறநிறுவனம் ஒன்றின் வழியாகவே பணம் போகவேண்டும். ஆசிரியரின் ஒப்பமிட்ட சம்பளப் பட்டியலும் பிள்ளைகளின் வரவுக் கணக்கும் தவணைதோறும் வரவேண்டும். பிள்ளைகளின் படங்களைக் கேட்பதும் அவற்றை மேடையில் காட்டுவதும் வேண்டாம். ஆயுதக் குழுக்கள் ஆட்களைக் கடத்திப் பணம் பறிக்கும் நாட்டில், வெளிநாட்டுப் பணம் வரும் பாடசாலை இதுவென்று ஊரறியச் செய்வது அப்பிள்ளைகளுக்கே கேடாகும்.

எந்தப் பாடசாலை, எவ்வளவு தொகை, யாரை நம்பலாம் என்பவற்றை நாம் தனித்துத் தீர்மானிக்கவும் கூடாது. மொன்றியலின் சென் மிஷேல், மொன்றியல் நோர் பகுதிகளில் ஹெய்ட்டியத் திருச்சபைகள் பல இருக்கின்றன. அங்குள்ள மதகுருமாரையும், அந்நாட்டில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் முதலில் சந்தித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்களையும் சேர்த்தே குழுவை அமைக்கவேண்டும். பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகிகள் எவரேனும் இதைத் தங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பார்களாயின், அச்சந்திப்பை ஒழுங்குசெய்து தரவும், பிரெஞ்சில் எழுதவேண்டிய கடிதங்களை எழுதித் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியுள்ளேன்; கேட்போருக்கு அதைக் கொடுத்துதவும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மொன்றியல்